டென்மார்க்காரர்கள் சமாதானமான கதை

எழுபத்தாறாம் வருடக் கோடையில் இங்கிலாந்தில் மழை என்ற ஒன்று பெய்யவே இல்லை. ரோஜாச் செடிக்குக் குழாய்த் தண்ணீர் விட்டால் பக்கத்து வீட்டுக்காரனே போலீஸுக்குச் சொல்லிவிடுவான். எங்கள் மார்ஷ்பி ஊரின் பந்தயத் தடத்தில் சிவப்புச் சரளை மண் காய்ந்து மாவாகிக் கிடந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்பீட்வே என்ற மோட்டார் பைக் பந்தயம் பார்க்க வந்த ஜனம் செங்கல் சூளையில் வேலை முடிந்து வருகிறவர்களைப் போல வீடு திரும்பும். அந்தக் கோடையில்தான் ஹோரஸ் கார்பட் இரண்டாவது டென்மார்க்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கார்பட்டுக்குத் தொழில் மெத்தை வியாபாரம். மார்ஷ்பி நாரைகள் என்ற எங்கள் அணிக்கு அவர்தான் முதலாளி. நான் கிளிஃப் மாபட். பகலில் பேருந்து ஓட்டுவேன். வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் அதே கைகளைக் கழுவிக்கொண்டு அணி மேலாளராகிவிடுவேன்.

ஸ்பீட்வே பைக்குக்கு பிரேக் கிடையாது. ஒரு ஓட்டத்துக்கு நாலு பேர், நாலு சுற்று. குறுக்கே கட்டிய நாடா மேலே போனதும் புறப்பாடு. அணிக்கு இரண்டு பேராக இறங்குவார்கள். முதலில் வருகிறவனுக்கு மூன்று புள்ளி, அடுத்தவனுக்கு இரண்டு, மூன்றாமவனுக்கு ஒன்று, கடைசியில் வருகிறவனுக்குத் தூசி. நம் ஆட்கள் இரண்டு பேரும் முன்னால் வந்துவிட்டால் ஐந்துக்கு ஒன்று. அதனால் தனியாக ஒருவன் பறந்து பிரயோசனமில்லை. ஜோடி நன்றாக அமைய வேண்டும், கல்யாணத்தைப் போலத்தான்.

எங்களிடம் ஏற்கெனவே எகோன் லவுரிட்சன் இருந்தான். கோபன்ஹேகன்காரன். ஒல்லியாக, நெடுநெடுவென்று, தலைமுடியை நாளைக்கு மூன்று தரம் சீவுகிறவன். நன்றாக ஓட்டுவான். ஆனால் அவனோடு இறங்கிய எங்கள் ஊர்ப் பையன்கள் எவனும் அவன் வேகத்துக்கு ஒட்டவில்லை. கார்பட் யோசித்தார். யோசித்ததை என்னிடம் சொன்னார்.

"கிளிஃப், எல்லா கிளப்பும் என்ன பண்றான் பாரு. ஒருத்தன் ரெண்டு நியூசிலாந்துக்காரனை வெச்சுருக்கான். ஒருத்தன் ரெண்டு போலந்துக்காரன். வெக்ஸ்லி கிளப்புல ரெண்டு ஸ்வீடன்காரன். ஏன்னு நினைக்கறே?"

"நல்லா ஓட்றாங்க, அதனால."

"இல்லப்பா. ஒரே நாட்டுக்காரன் ரெண்டு பேரைச் சேர்த்து இறக்கினா, ஓடும்போது அவங்க பாஷையில பேசிக்குவாங்க. எதிராளிக்கு ஒரு எழவும் புரியாது."

"பைக் சத்தத்துல சொந்த மூச்சே கேக்காதே மிஸ்டர் கார்பட்."

"நீ பஸ்ஸை ஓட்டு," என்றார்.

அப்படி வந்தவன்தான் பிரேபன் ஸ்கோவ். டென்மார்க்கின் தென்மேற்கு மூலையில், ஜெர்மனி எல்லையை ஒட்டிய ஒரு பன்றிப் பண்ணையில் பிறந்தவன். குட்டையாக, கட்டையாக, கதவைத் தட்டாமல் தள்ளித் திறக்கிற வகை. ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் அவனுடைய அம்மா காடியில் ஊறவைத்துக் கொடுத்த ஹெர்ரிங் மீன் ஜாடி. இரண்டு பேருக்கும் மிஸஸ் ஹெப்டன் வீட்டு மாடியில் ஒரே அறை. கார்பட்டே ரயில் நிலையத்திலிருந்து அவனைக் கூட்டிப்போய், எகோன் கையில் ஒப்படைத்து, "பேசுங்க, பேசுங்க" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தார். வெளியே நின்று கொஞ்ச நேரம் ஒட்டுக்கேட்டார் என்று மிஸஸ் ஹெப்டன் சொன்னாள்.

மறுநாள் காலை சண்டை.

நடந்தது இதுதான். மீன் வாடை தாங்காமல் எகோன் அந்த ஜாடியைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே வைத்திருக்கிறான். மிஸஸ் ஹெப்டனின் பூனைக்கு மேஜர் என்று பெயர். மேஜர் ஜாடியைக் கீழே தள்ளி உடைத்து, கண்ணாடியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தின்றுவிட்டது. பிரேபன் எழுந்து பார்த்து, மன்னிப்புக் கேள் என்றிருக்கிறான். எகோன், "பூனைகிட்ட வேணா கேக்கறேன், அதுக்குத்தான் வயிறு சரியில்ல" என்றானாம்.

பெற்ற தாய் போட்ட ஊறுகாயைக் குறை சொன்னால் எவன் பொறுப்பான். அன்றோடு பேச்சு நின்றது. காலையில் அவர்களை அழைத்துப்போக நான் போனபோது சாப்பாட்டு மேசையில் இப்படி நடந்துகொண்டிருந்தது.

"மிஸஸ் ஹெப்டன், வெண்ணெயை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க அவனை," என்றான் பிரேபன். எகோன் அவனுக்கு முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"எகோன், வெண்ணெய் வேணுமாம்."

"கத்தியைத் தொடைச்சிட்டு எடுக்கச் சொல்லுங்க."

"பிரேபன், கத்தியைத் தொடைச்சுக்கணுமாம்."

"நேத்தே தொடைச்சாச்சுன்னு சொல்லுங்க."

மிஸஸ் ஹெப்டன் இதில் கொஞ்சமும் அலுத்துக்கொள்ளவில்லை. "நானும் என் வீட்டுக்காரரும் கடைசிக் காலத்துல இப்படித்தான் இருந்தோம்," என்றாள் என்னிடம். "எங்களுக்கு நடுவுல நாய் இருந்துச்சு. அதுகிட்ட சொல்லுவோம். 'டிப்பி, உங்க அப்பாகிட்ட சொல்லு, கூரை ஒழுகுது'ன்னு. பாவம், அது செத்ததுக்கு அப்புறம் ரொம்பக் கஷ்டமாப் போச்சு."

அந்த வியாழக்கிழமை இரண்டு பேரையும் ஜோடியாக இறக்கினேன். நாடா மேலே போனது. எகோன் முன்னால் பாய்ந்தான். பிரேபனுக்கு முன்னால் எதிரணிக்காரன் போனால்கூடப் பரவாயில்லை, எகோன் போகக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளிப்பக்கமாக வந்து தாண்டினான். எகோன் பார்த்தான், பன்றிப் பண்ணைக்காரன் தன்னைத் தாண்டுவதா என்று உள்பக்கமாக நுழைந்தான். இப்படி நாலு சுற்றும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு வந்து சேர்ந்தபோது, எதிரணிக்காரர்கள் இரண்டு பேரும் பாதிச் சுற்று பின்னால் தூசியில் வழி தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்துக்கு ஒன்று.

அடுத்த ஓட்டமும் ஐந்துக்கு ஒன்று. அதற்கடுத்த வாரமும் அப்படியே. இரண்டு பேரில் யார் ஜெயித்தாலும் மற்றவன் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் எறிவான். ஜனங்களுக்கு ஒரே குஷி. பாதிக் கூட்டம் எகோன் கட்சி, பாதி பிரேபன் கட்சி. எதிரணி என்று ஒன்று வந்திருப்பதையே எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஜூன் முடியும்போது நாங்கள் பட்டியலில் இரண்டாம் இடம். மார்ஷ்பி அதுவரை இரண்டாம் இடத்தைக் கீழேயிருந்து எண்ணித்தான் பார்த்திருந்தது.

ஒரு நாள் இரண்டாவது வளைவில் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் முட்டிக்கொண்டார்கள். பைக்குகள் ஒரு திசை, ஆட்கள் ஒரு திசை. வளைவில் வேலி ஓரமாகக் கார்பட் தன் கடையில் விலைபோகாத மெத்தைகளை அடுக்கி வைத்திருந்தார், அதனால் பிழைத்தார்கள். தூசி அடங்கியதும் பார்த்தால், ஒரே இரட்டை மெத்தையில் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். உள்ளூர் வாரப் பத்திரிகை படம் பிடித்துப் போட்டது.

கார்பட் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "மெத்தைப் பேர் தெளிவா விழுந்துருக்கு," என்றார். பிறகு முகம் வாடியது. "அடுத்த தடவை கழுத்து ஒடிஞ்சா என்ன பண்றது கிளிஃப்? ஒரே நாட்டுக்காரங்க. இப்படி இருக்கலாமா? சமாதானம் பண்ணி வைக்கணும்."

"ஜெயிச்சுட்டுத்தானே இருக்கோம். அப்படியே விட்ருங்க."

"சண்டையிலேயே இவ்வளவு ஜெயிச்சா, சிநேகமானா எவ்வளவு ஜெயிப்பாங்க? கணக்குப் போட்டுப் பாரு."

அந்தக் கணக்கில் எனக்குத் தப்பு தெரியவில்லை. அதுதான் சங்கடம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெத்தைக் கடையில் 'டென்மார்க் விருந்து' என்று ஏற்பாடு. கட்டில்களையெல்லாம் ஓரமாகத் தள்ளி நடுவில் மேசை போட்டிருந்தது. அணிக்காரர்கள், அவர்கள் மனைவிமார், மிஸஸ் ஹெப்டன், எல்லாரும் வந்திருந்தோம். எகோன் மேசையின் ஒரு கோடியில், பிரேபன் மறு கோடியில். சுவரில் பெரிய சிவப்புக் கொடி, நடுவில் வெள்ளைச் சிலுவை. சாப்பாட்டுக்குப் பெரிய சட்டியில் உருக்கிய பாலாடைக்கட்டி வந்தது. ரொட்டியைக் குத்தி அதில் முக்கித் தின்ன வேண்டுமாம். ரெக்கார்டில் யாரோ ஒருத்தி தொண்டையைப் புரட்டிப் புரட்டிப் பாடிக்கொண்டிருந்தாள்.

கார்பட் எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசினார். "நம்ம ரெண்டு பையன்களும் வீட்டை நினைச்சு ஏங்கறது எனக்குத் தெரியுது. நம்ம ஊரோ தோசைக்கல் மாதிரி தட்டை. அவங்க ஊர்லயோ வானத்தை முட்டற மலை. கண்ணைத் திறந்தா பனிச் சிகரம். அந்த மலைக்காத்தைக் குடிச்சு வளர்ந்தவங்க நம்ம எகோனும் பிரேபனும். மலை சாட்சியா, ரெண்டு பேரும் கை குலுக்கணும்."

ரொட்டியை முக்கிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. தொண்டையைப் புரட்டுகிறவள் மட்டும் நிறுத்தவில்லை.

எகோன் சுவரிலிருந்த கொடியைப் பார்த்தான். பாலாடைக்கட்டிச் சட்டியைப் பார்த்தான். பிறகு, இத்தனை வாரத்தில் முதல் தடவையாக, மேசையின் அந்தக் கோடியைப் பார்த்தான். பிரேபன் முகம் செக்கச் சிவந்திருந்தது. கோபமோ என்று நான் பயந்தேன்.

"பிரேபன்," என்றான் எகோன். எல்லாருக்கும் புரிய வேண்டும் என்றோ என்னவோ, ஆங்கிலத்திலேயே கேட்டான். "உங்க பண்ணையில மலை இருக்கா?"

பிரேபன் யோசித்தான். "சாணிக் குவியல் ஒண்ணு இருக்கு. அதுல ஏறி நின்னா பக்கத்து ஊர் சர்ச் தெரியும்."

அவ்வளவுதான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எகோன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விற்பனைக்கு இருந்த கட்டில் ஒன்றில் போய் விழுந்தான். பிரேபன் மேசையில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். கார்பட்டின் மனைவி எட்டிக் கொடியைப் பார்த்து, "ஹோரஸ், இது சுவிட்சர்லாந்து கொடிங்க," என்றாள். கார்பட் அசரவில்லை. "பேசிட்டாங்களா இல்லையா?" என்றார்.

பேசினார்கள். அன்றிலிருந்து பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். பிரேபன் பேசுகிற எல்லைப்புறப் பேச்சு எகோனுக்குப் பாதிதான் புரிகிறது என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. "என்ன சொல்றான்னு தெரியல கிளிஃப்," என்றான் எகோன். "ஆனா சொல்ற விதம் நல்லாருக்கு." ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து மீன் பிடிக்கப் போனார்கள். ஒருவன் சட்டையை ஒருவன் போட்டுக்கொண்டார்கள். அது இரண்டு பேருக்கும் பொருந்தவில்லை. மிஸஸ் ஹெப்டனுக்குத்தான் வேலை போனது. காலைச் சாப்பாட்டில் யாரும் எதையும் அவளிடம் சொல்லியனுப்பவில்லை. "வீடே வெறிச்சுன்னு இருக்கு," என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை கார்பட் மனைவியோடு முன் வரிசையில் வந்து உட்கார்ந்தார். நாடா மேலே போனது. எகோன் முன்னால் பாய்ந்தான். முதல் வளைவு தாண்டியதும் தலையைத் திருப்பி, நண்பன் வருகிறானா என்று பார்த்தான். வரவில்லை. எகோன் வேகத்தைக் குறைத்தான். பிரேபன் வந்து சேர்ந்தான். சேர்ந்தவன் முந்திப் போகவில்லை. கையைக் காட்டி, நீ போ என்றான். எகோன் கையைக் காட்டி, அதெப்படி, நீ போ என்றான். எதிரணிக்காரர்கள் இரண்டு பேரும் இவர்களுக்கு இரண்டு பக்கமாகவும் தாண்டிப் போனார்கள். ஒருவன் போகும்போது நன்றி சொன்னான் என்றுகூடச் சொல்கிறார்கள்.

நம் ஆட்கள் தோளோடு தோள் சேர்த்து மூன்றாவதும் நாலாவதுமாக வந்து சேர்ந்தார்கள். இரண்டு முகத்திலும் அப்படி ஒரு நிறைவு.

"என்னடா இது?" என்றேன்.

"அவனுக்கு முழங்கால் வலி," என்றான் எகோன். "விட்டுட்டு எப்படிப் போறது?"

"அவன் காத்துட்டு இருந்தான்," என்றான் பிரேபன். "முந்திட்டுப் போனா மரியாதையா?"

ஜூலை முழுக்க இப்படித்தான். தோற்றோம். அடுத்த ஊரிலும் தோற்றோம். பிறகு எங்களைவிட மோசமான அணி ஒன்று இருந்தது, அதனிடமும் தோற்றோம். அவர்களுக்கே நம்பிக்கை வராமல் புள்ளியை இரண்டாம் தரம் கூட்டிப் பார்த்தார்கள். ஜோடியைப் பிரித்து வேறு பையன்களோடு இறக்கிப் பார்த்தேன். எகோன் ஓடும்போது பிரேபன் வேலி மேல் ஏறி நின்று கையசைப்பான். எகோன் ஒரு கையை எடுத்துப் பதில் கையசைப்பான். பிரேக் இல்லாத பைக்கில் அப்படிச் செய்தால் என்ன ஆகுமோ அது ஆகும். திரும்பவும் சேர்த்துவிட்டேன்.

கார்பட் என்னைப் பேருந்திலேயே வந்து பிடித்தார். டிக்கெட் எடுத்துக்கொண்டு என் பின்னால் நின்று காதில் பேசினார். "கிளிஃப், சண்டை மூட்டி விடு."

"சமாதானம் பண்ணது நீங்க."

"நான் பண்ணதை நான் எப்படிக் கலைக்கறது? நான் முதலாளி. நீ பண்ணா நல்லாருக்கும்."

எனக்கு இந்த வேலையில் பழக்கமில்லை. பிரேபனைத் தனியாகக் கூப்பிட்டு, "எகோன் உன் பைக்கைப் பால் வண்டிங்கறான்," என்றேன். "ஆமா," என்றான் பிரேபன் சந்தோஷமாக, "என்கிட்டயும் சொன்னான். நல்லாருந்துச்சு இல்ல?" எகோனிடம் போய், "பிரேபன் உன் தலைமுடியைப் பத்தி ஏதோ சொன்னான்," என்றேன். எகோன் சீப்பை எடுத்து, "முடி விஷயத்துல அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று வகிடை மாற்றிக்கொண்டான்.

கார்பட் துறைமுகம் வரைக்கும் காரோட்டிப் போய் ஒரு ஜாடி ஹெர்ரிங் மீன் வாங்கிவந்து, அதைப் பிரேபன் கையில் கொடுத்துவிட்டு, பூனைக்காக ஜன்னலையும் திறந்து வைத்தார். மேஜர் வந்தது. முகர்ந்து பார்த்தது. ஜாடியை விட்டுவிட்டுக் கார்பட் கோட்டுப் பையிலிருந்த சாண்ட்விச்சை இழுத்துக்கொண்டு போனது. மீனை நண்பர்கள் இரண்டு பேரும் ரொட்டியில் வைத்து மிஸஸ் ஹெப்டனுக்கும் கொடுத்துத் தின்றார்கள்.

இந்த நிலைமையில்தான் ஆகஸ்டில் வெக்ஸ்லி அணி மாவட்டக் கோப்பைக்காக எங்கள் ஊருக்கு வந்தது. வெக்ஸ்லி பத்து மைல் தள்ளியிருக்கிறது. வெக்ஸ்லிக்காரனிடம் தோற்றால் மார்ஷ்பியில் கடைத்தெருவில் நடமாட முடியாது. நான் பேருந்து ஓட்டுகிறவன்; வெக்ஸ்லி வழியாகத்தான் தினமும் போக வேண்டும். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அவர்களிடம் இருந்த ஸ்வீடன்காரர்கள் ஸ்டூரே, ராக்னர் என்று இரண்டு பேர். இருவரும் எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆட்கள். பைக் கொட்டகையில் எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கயிறுதான். எங்கள் ஊர்ப் பையன்கள் அன்றைக்கு உயிரைக் கொடுத்து ஓட்டினார்கள். அப்படியிருந்தும், கடைசி ஓட்டம் மிச்சமிருக்கும்போது நாங்கள் மூன்று புள்ளி பின்னால். ஐந்துக்கு ஒன்று வந்தால் மட்டும்தான் கோப்பை. கடைசி ஓட்டத்தில் யார் யார்? ஸ்வீடன்காரர்கள் இரண்டு பேர், நம் நண்பர்கள் இரண்டு பேர்.

நான் தலையில் கைவைத்து ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்டூரேயும் ராக்னரும் அவர்கள் பாஷையில் ஏதோ கவலையாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். கையால் வளைவு போட்டுக் காட்டினார்கள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று விரலை நீட்டினார்கள். எங்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில் சத்தமாகவே பேசினார்கள்.

எகோன் சட்டென்று என் முழங்கையைப் பிடித்தான். ஸ்வீடன் பாஷையும் டென்மார்க் பாஷையும் அக்கா தங்கை மாதிரி. "கிளிஃப், திட்டம் போடறாங்க," என்றான் மெதுவாக. "கேட்டேன். முதல் வளைவுல ஸ்டூரே உள்ளே போறான், ராக்னர் வெளியே நிக்கறான். நாம ரெண்டு பேரும் வெளிப்பக்கம் போனா ராக்னரை மடக்கிடலாம்."

"இல்ல," என்றான் பிரேபன். "ராக்னர் உள்ளே. ஸ்டூரே வெளியே. நாம உள்பக்கம் போகணும்."

எகோன் அன்பாகச் சிரித்தான். "நீ தப்பாக் கேட்டுட்ட."

"எனக்குக் காது நல்லாருக்கு."

"பிரேபன், நான் கோபன்ஹேகன். எங்க வீட்டு மாடியிலிருந்து பார்த்தா ஸ்வீடன் தெரியும்."

"பார்த்தா பாஷை வந்துடுமா? எங்க வீட்லேர்ந்து ஜெர்மனி தெரியும். எங்க பன்னியும்தான் பார்க்குது."

"உனக்கு டேனிஷே சரியா வராது. நீ பேசறதுல பாதி எனக்குப் புரியறதே இல்ல. மரியாதைக்குத் தலையாட்டிட்டு இருக்கேன்."

பிரேபன் கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "எதுக்கெல்லாம் தலையாட்டின?"

"எல்லாத்துக்கும்."

"எங்க அப்பா ஆஸ்பத்திரியில இருந்த கதைக்குச் சிரிச்சியே, அதுக்கு?"

எகோனுக்கு முகம் வெளுத்தது. "அது ஆஸ்பத்திரியா? நான் ஆட்டுப்பட்டின்னு நினைச்சேன்."

நான் டயரிலிருந்து எழுந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் ஏதாவது சரியாகிவிடுமோ என்று பயம். பிரேபன் என் பக்கம் திரும்பினான். அவன் குரலைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கிளிஃப், அவன்கிட்ட சொல்லுங்க. நான் உள்பக்கம்தான் போகப்போறேன்."

"எகோன், உள்பக்கம் போறானாம்."

"தாராளமாப் போகச் சொல்லுங்க. நான் வெளிப்பக்கம். யார் கேட்டது சரின்னு அங்க தெரியும்."

புறப்படுகிற கோட்டில் எங்களுக்கு உள்ளிருந்து ஒன்றாம் இடமும் மூன்றாம் இடமும். பிரேபன் உள்ளே ஒன்றில் நின்றான், எகோன் மூன்றில். நாடா மேலே போனது. பிரேபன் உள் கோட்டை ஒட்டிக்கொண்டு குண்டு மாதிரி போனான். எகோன் மூன்றாம் இடத்திலிருந்து வெளியே விரித்துக்கொண்டு, ராக்னரின் மூக்குக்கு முன்னால் குறுக்கே வளைந்தான். இரண்டு ஸ்வீடன்காரர்களும் முதல் வளைவுக்கு வந்தபோது உள்ளேயும் வழியில்லை, வெளியேயும் வழியில்லை. ஸ்டூரே பாவம், நடுவில் நுழையலாமா என்று பார்த்தான். நடுவில் தூசிதான் இருந்தது.

பிறகு மூன்று சுற்று நான் பழைய ஜூன் மாதத்தைப் பார்த்தேன். ஒருவன் முழங்கை மற்றவன் விலாவில். ஹெல்மெட்டுக்குள் இரண்டு வாயும் அசைவது வேலியிலிருந்தே தெரிந்தது. கார்பட் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பார்த்தியா கிளிஃப், பேசிக்கறாங்க. நான் என்ன சொன்னேன்?"

எல்லைக் கோட்டை ஒன்றாகத் தாண்டினார்கள். நடுவர் எகோனுக்கு முதலிடம் கொடுத்தார். பிரேபன் ஹெல்மெட்டைத் தரையில் எறிந்தான். அதைப் பார்த்த ஊர் ஜனத்தில் பாதிப் பேர் தங்கள் தொப்பிகளைத் தரையில் எறிந்தார்கள். ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை எங்களுடையது. கார்பட் அதை வாங்கிக்கொண்டு மெத்தையைப் பற்றி ஒரு பேச்சுப் பேசினார்.

கொட்டகையில் இரண்டு பேரும் இன்னும் நிறுத்தவில்லை.

"ஸ்டூரே உள்ளதான் வரப் பார்த்தான்," என்றான் எகோன்.

"வெளிய வழியில்ல, அதனால உள்ள பார்த்தான்."

"வேணும்னா அவனையே கேளு."

"கேக்கறேன்."

கயிற்றைத் தாண்டிப் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன், மேலாளர் இல்லையா. ஸ்டூரே காலணி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். பிரேபன் கேட்டான். ஸ்டூரேவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ராக்னரைப் பார்த்தான்.

"ஓட்டத்தைப் பத்தியா? நாங்க ஓட்டத்தைப் பத்தி எதுவும் பேசலையே," என்றான் எங்கள் பாஷையில். "இந்த ஊர் ரோட்டுல, முதல் வளைவு திரும்பினதும் ஒரு மீன் சிப்ஸ் கடை இருக்கு பாருங்க. அங்க வண்டியை நிறுத்த இடமில்ல. ஒருத்தன் உள்ள போய் வாங்கணும், ஒருத்தன் வெளிய வண்டியில நிக்கணும். அதைத்தான் பேசிட்டு இருந்தோம்."

பிரேபன் கையுறையைக் கழற்றினான்.

"சரி," என்றான். "அதுல யார் உள்ள போறதா இருந்துச்சு?"

"இவன்," என்றான் ஸ்டூரே.

"நான் எப்போ ஒத்துக்கிட்டேன்? நீதான் போறே," என்றான் ராக்னர்.

"பார்த்தியா, ஸ்டூரேதான் உள்ள," என்றான் எகோன்.

"முதல்ல ராக்னர்னு சொன்னான், கேக்கலையா நீ?" என்றான் பிரேபன்.

நாலு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள், இரண்டு பாஷையில், இல்லை மூன்று பாஷையில். அப்படிப் பேசிக்கொண்டே ஸ்வீடன்காரர்களின் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். எனக்கும் பசி; நானும் ஏறினேன். கடை வாசலில் வண்டி நின்றதும் நாலு பேரும் வாதாடிக்கொண்டே மொத்தமாக உள்ளே போய்விட்டார்கள். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். வேறு யாரும் இல்லை. நான்தான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, என் பங்குக்கு வினிகர் தூக்கலாகப் போடச் சொல்லிக் கண்ணாடி வழியாகக் கையைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் யாரும் என் பக்கம் திரும்பவில்லை.